பதவிப் பெயரும் மிகைநேர ஊதியமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்தாருள் ஒருவருடைய புதல்வர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு பாங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் உத்தியோகம் பார்க்கின்றார். அவர் 'ஆபீசர்' ஆன செய்தி இச்சபையிலேயே அறிவிக்கப்பட்டது. யாமும் கைதட்டி மகிழ்ந்தோம். அண்மையில் அவர் தந்தையார் எம்மிடம் வந்து, "பண்டிதர் ஐயா, பையன் வாரத்திற்கு ஐம்பது மணி உழைக்கிறான். ஆபீசருக்கு ஓவர்டைம் கிடையாது என்கிறார்களாம். மெய்தானா?" என வினவினார். இலக்கணம் கற்பிப்பாரை இது கேட்பானேன் என்று முதலில் எண்ணினோம். சட்டத்தைத் தேடிப் படித்தபின், இலக்கணத்திற்கு இவ்வினா அத்துணைத் தொலைவானதன்று எனக் கண்டோம்.

ரூஸ்வெல்ட் அந்நாட்டின் அதிபராயிருந்த காலத்தில், 1938-இல், நியாயமான உழைப்புத் தரங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு ஊதியம் தருதல் வேண்டும் என்பது அதன் கட்டளை. முதலாண்டில் வரம்பு 44 மணியாயிருந்தது. 1940-இல் 40 ஆயிற்று. நாற்பது மணி உழைப்புக்கு 800 டாலர் பெறுவான் ஒருவனைக் கொள்வோம். அவனுக்கு மணிக்கு 20 டாலர், மிகைமணிக்கு 30. ஐம்பது மணி உழைத்த வாரத்தில் 300 டாலர் மேலும் சேரவேண்டும். ஆண்டுக்கு ஐம்பது வாரமெனக் கொள்ளினும் 15,000 டாலர்! ஒரு பட்டப்பெயரால் இத்துணைப் பொருள் மறைந்துபோகலாமா?

நிர்வாகம் முதலிய சில அலுவல்களைச் சட்டம் விலக்கியுள்ளது உண்மையே. ஆயின் சம்பளம் ஒரு வரம்பிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். செய்யும் வேலையும் அவ்விலக்கிற்கு உரியதாதல் வேண்டும். சம்பள வரம்பு 2020 முதல் வாரத்திற்கு 684 டாலர். 2024-இல் அதனை உயர்த்தினர். அவ்வாண்டு நவம்பரிலேயே டெக்ஸஸிலுள்ள ஒரு நீதிமன்றம் அவ்வுயர்வைத் தள்ளிவிட்டது. பதவியின் பெயர் மட்டும் போதாதென விதியே வெளிப்படக் கூறுகின்றது. நம் இலக்கணத்தில் இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் உண்டல்லவா? முதலாளி இட்ட பெயர் இடுகுறி. சட்டமோ காரணத்தைக் கேட்கின்றது.

பாங்கி முதலிய நிதித்தொழிலார்க்கு 2004-ஆம் ஆண்டு விதியில் தனிப் பகுதியே உளது. வாடிக்கையாளரின் வரவையும் கடனையும் ஆராய்ந்து, அவர்க்கு ஏற்றது இன்னதென அறிவுரை கூறுவார் நிர்வாக விலக்கில் அடங்கலாம். கடன் முதலியவற்றை விற்பதையே முதன்மைக் கடமையாகக் கொண்டார் அடங்கார். வீட்டுக்கடன் அதிகாரிகள் எவ்வினத்தினர்? 2006-இல் தொழில்துறை அவர்களை விலக்கினுள் வைத்தது. 2010-இல் அக்கருத்தைக் கைவிட்டு, அவர்தம் வேலை பொதுவாக விற்பனையே என்றது. கடன் கொடுப்போர் சங்கம் வழக்காடிற்று. முன்னறிவிப்பின்றியே துறை தன் விளக்கத்தை மாற்றிக்கொள்ளலாமென 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எவ்விளக்கம் சரியென்பதை அது தீர்க்கவில்லை. இதனை மறைத்துப் பேசுதல் எமக்கு அழகன்று. வெளியே சென்று விற்பார்க்கு வேறொரு விலக்கும் உண்டு. நம் பிள்ளையோ கிளை அலுவலகத்தைவிட்டு நகர்வதில்லை.

மற்றொன்று மிக முக்கியம். வழக்கிடுவதற்குக் காலவரம்பு ஈராண்டே. முதலாளி அறிந்தே மீறினாராயின் மூன்றாண்டு. ஆகவே வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு வாரமும் பழைய வாரம் ஒன்றின் ஊதியம் கைவிட்டுப் போகின்றது. மணிக்கணக்கு வைத்தல் முதலாளியின் கடமை. அவர் வையாவிடின், தொழிலாளி தன்னால் இயன்ற சான்றுகொண்டு நியாயமான அநுமானத்திற்கு இடந்தந்தாற் போதுமென 1946-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஏவாத வேலையாயினும், முதலாளி அறிந்தும் தடுக்காதிருந்தால் அதுவும் கணக்கிற் சேரும். முறையிட்டவனை வேலையினின்று நீக்குதலும் குற்றம்.

இவற்றையெல்லாம் கேட்ட தந்தையார் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, "கூலி கேட்டால் ஆபீசர் என்ற பேர் போய்விடுமோ?" என்றார். சபையில் கைதட்டிய எமக்கும் அவ்வினாவிற் பங்குண்டு என உணர்ந்தோம். "பெயரை யாரும் பறியார், பையனை இன்றே மணிகளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்" என்றோம்.

சென்ற வாரம் அவர் அக்குறிப்பைக் கொணர்ந்து காட்டினார். திங்கள் முதல் வெள்ளி வரை 51 மணி. அதன்கீழ் வழக்கறிஞரைக் காணவேண்டிய நாளும் எழுதியிருந்தது.