பேஸ்மென்ட் சுவருக்குப் பெயின்ட் அடிக்க முதல்

ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தா: "செப்டம்பரிலை படிக்கிற பிள்ளையள் ரெண்டு பேர் வாடகைக்கு வருகினம், பேஸ்மென்ட் சுவருக்குப் பெயின்ட் அடிக்க எவ்வளவு முடியும்?"

கணக்கு லேசு. சுற்றளவு 100 அடி, உயரம் 7 அடி எண்டால் 700 சதுர அடி. ஒரு கலன் ஏறத்தாழ 350 சதுர அடிக்குக் காணும். பிரைமர் ஒருதரம், பெயின்ட் இரண்டு தரம், ஆக 6 கலன். கலன் 60 டொலர் எண்டு வைச்சால் 360. சொரசொரப்பான பிளாக் சுவர் இன்னும் குடிக்கும்.

ஆனால் அக்கா, சுவரிலை வெள்ளைத்தூள் பூத்திருக்கெண்டும் சொன்னீங்கள். எனக்கு அதுதான் யோசனை. அது அநேகமா உப்பு. வெளிமண்ணின் ஈரம் கொங்கிரீட்டுக்குள்ளாலை வந்து, காய்ந்து, விட்டுப்போனது. அதுக்கு மேலை அடிச்சால் பெயின்ட் கொப்புளிச்சு உரியும். ஈரம் நிண்டால் பூஞ்சணமும் பிடிக்கும். இருமல் அந்தப் பிள்ளையளுக்குத்தான்.

ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளொண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரிலை இரண்டு நாள் விடுங்கோ. அறைப்பக்கம் நனைஞ்சால் காற்றின் ஈரம், டீஹியூமிடிஃபயர் போடலாம். சுவர்ப்பக்கம் நனைஞ்சால் தண்ணி சுவருக்குள்ளாலை வருது. கூரைப்பீலித் தண்ணி அத்திவாரத்தடியிலை விழுகுதோ பாருங்கோ, குழாயை ஆறடி தள்ளி விடுங்கோ. சுவர் காய்ந்தபிறகு உப்பைக் கம்பிப் பிரஷ்ஷாலை தேய்ச்சு எடுங்கோ. பெயின்ட் கடைக்கு அதுக்குப் பிறகு போகலாம்.