கட்டடத்திற்கு முன்னே

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மருத்துவமனையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. நேற்று ஏன் வரவில்லை என்று பிள்ளையைக் கேட்டால், தம்பிக்குக் காய்ச்சல் என்பான்; அம்மாவுக்குப் பேறுகாலம் என்பாள்; டேனரியில் அப்பாவுக்குக் கை வெந்துவிட்டது, துணைக்கு இருந்தேன் என்பான். நாம் நடத்தும் கல்வியில் ஒரு பங்கை நோய் பறித்துக்கொள்கிறது. நம் முன்னோர் கல்வியையும் மருத்துவத்தையும் வேறுவேறாகக் கருதியதில்லை. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். நாடி பிடித்துப் பார்த்த அதே கைதான் 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிற்று.

வெள்ளி விழா நிதியைக் கொண்டு திமிரியில் பத்துப் படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற கருத்து நம் பொதுக்குழுவில் எழுந்துள்ளது. நோக்கம் நன்று. ஆயினும், கட்டடத்தில் தொடங்குவதில் நாம் மாறுபடுகிறோம். அதற்குரிய காரணத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

நம் சிறு வயதில் தாயாரோடு ஒரு மருந்தகத்திற்குச் சென்றோம். ஊரும் பேரும் இங்கு வேண்டா. பெரிய கட்டடம், தூண் வைத்த முகப்பு. கம்பவுண்டர் புட்டியைத் தரையில் வைக்கச் சொல்லி, எட்ட நின்று மேலிருந்து மருந்தை ஊற்றினார். பாதி உள்ளே விழுந்தது, பாதி தரையில் சிந்திற்று. சிந்தியதற்கு ஈடாக மீண்டும் ஊற்றவில்லை. “கொஞ்சம் தண்ணி சேத்துக்கிட்டா மூணு நாளைக்கு வரும்டா” என்றார் தாயார். கட்டடத்தின் பெருமையைப் பற்றி எவர் பேசினாலும் அந்தப் புட்டிதான் நம் கண்முன் வந்து நிற்கிறது.

நமக்கு அண்மையில் உள்ள எடுத்துக்காட்டைப் பாருங்கள். நம் இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் பணி தொடங்கியபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு படுக்கை. 1902இல் நாற்பது படுக்கைகள் வந்தன. நோயாளி தம்மிடம் வந்து சேரட்டும் என்று அவர் அமர்ந்திருக்கவில்லை. 1909ஆம் ஆண்டளவில் சாலையோரங்களில் மரத்தடியில் நின்று மருந்து கொடுக்கத் தொடங்கினார். செவிலியர் பயிற்சியும் அதே காலத்தில் தொடங்கிற்று. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் வந்தது. இன்று உலகறிந்த பெரிய மருத்துவமனையாக நாம் காண்பது இவற்றுக்கெல்லாம் பின்னர் எழுந்தது. அவ்வளவு பெரிதாக வளர்ந்த நிறுவனமே, நகரில் அமர்ந்திருந்தால் போதாது என்று உணர்ந்து 1977இல் கே.வி. குப்பம் வட்டாரத்துக் கவனூரில் ஊரக நலப் பணியைத் தொடங்கிற்று என்பதையும் மறத்தலாகாது.

நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இருக்கிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடியினர் வாழும் பகுதி அது. 1980களின் பிற்பகுதியில் அங்குச் சென்ற இளம் மருத்துவர் இணையர் உடனே மருத்துவமனை கட்டவில்லை. ஊர்தோறும் பழங்குடி மக்களிலிருந்தே நலப் பணியாளர்களைத் தேர்ந்து, கருவுற்ற பெண்ணை எப்படிக் கண்காணிப்பது, குழந்தையின் எடையை எப்படிக் குறிப்பது என்று கற்பித்தார்கள். கூடலூர் பழங்குடி மருத்துவமனை 1990இல்தான் தொடங்கிற்று. பழங்குடிப் பெண்களே அங்குச் செவிலியர் ஆயினர். தங்கள் மொழி பேசும் பெண் ஊசி போடுகிறாள் என்றால் அஞ்சி ஓடிய மூதாட்டியும் உள்ளே வருவாள் அன்றோ! பின்னர், சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சிறு தொகை செலுத்தும் மருத்துவக் காப்பீட்டையும் ஏற்படுத்திக்கொண்டனர். கட்டணம் சிறிதாயினும், “இது நம்முடையது, கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு” என்ற நினைவு அதனால் பிறந்தது. தருமபுரி மாவட்டத்துச் சித்தலிங்கியில் 1993இல் ஒரு கூரைக் குடிசையில் தொடங்கிய மருத்துவமனையும் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றியே வளர்ந்தது.

இனி, இங்குச் செய்யத்தக்கவை. முதலில் தூய்மை. 1847ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தைத் தொட்ட மாணவர்கள் கை கழுவாமல் பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் மாண்டனர் என்று கண்டறிந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் காலமெல்லாம் கை நனைத்தவர்கள் நாம்; சுண்ணாம்பின் ஆற்றலை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்தில் பத்துப் படுக்கைகள் போடுவது, பத்துப் பேருக்கு நோயைப் பங்கிட்டுத் தருவதே ஆகும்.

கழிவறையையும் கூறியாக வேண்டும். அதைத் துடைப்பவர் நம் சேரியிலேயே இன்னாராகத்தான் இருக்க வேண்டும் என்று நம் சங்கமே எண்ணிவிடுமோ என்ற அச்சம் நமக்கு உண்டு. பிறர் நம்மைத் தாழ்த்தினர் என்று மேடையில் பேசிவிட்டு, நமக்குள்ளே ஒரு பிரிவினரின் கையில் துடைப்பத்தைக் கொடுக்கலாமா? அப்பணிக்கு நல்ல ஊதியம், கையுறை, காலணி தர வேண்டும். செயற்குழு உறுப்பினர்களும் முறைவைத்துச் செய்ய வேண்டும். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது.

நோயாளி வந்தவுடன் “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டு எழுதும் பழக்கமும் வேண்டும். பச்சைத் தோலைக் கையாள்பவருக்கு வலியில்லாத கரும்புண் ஒன்று தோன்றினால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். குரோமியம் படும் கைகளில் அரிப்பும் ஆறாத புண்ணும் வரும். தொழிலைக் கேளாமல் களிம்பு தடவி அனுப்பினால் அதே மனிதர் அதே புண்ணோடு மீண்டும் வருவார். மருந்துகளை வணிகப் பெயரில் வாங்காமல் மூலப் பெயரில் வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு போட்டி வேண்டா. அங்கு இலவசமாகக் கிடைப்பதை நாம் விலைக்கு விற்பது வெட்கக்கேடு. அங்கு எவ்வாறு செல்வது, என்ன கேட்பது என்று தெரியாதவர்களுடன் துணைக்குச் செல்ல ஒருவரை அமர்த்துவதே பெரும் தொண்டு.

ஆகவே, நிதியைச் செங்கல்லில் போடுமுன் பிளஸ் டூ தேறிய நம் பெண்கள் இருவரைத் துணைச் செவிலியர் படிப்பிற்கு அனுப்புவோம். இரண்டாண்டுப் படிப்பு அது. அவர்கள் திரும்பி வரும்வரை சங்கக் கட்டடத்தின் ஓர் அறையில் இரத்த அழுத்தக் கருவி, எடை இயந்திரம், ஒரு பதிவேடு ஆகியவற்றோடு வாரம் இரு நாள் பணி தொடங்கலாம். இரவு பத்து மணிக்குமேல் வலி எடுத்த பெண்ணை ஆற்காட்டுக்கோ ஆரணிக்கோ கொண்டுசெல்ல எவரை அழைப்பது என்ற தொலைபேசி எண்களைத் தெருவுக்குத் தெரு சுவரில் எழுதிவைக்கலாம். பள்ளியில் தேர்ச்சி பெற்ற மாணவியரின் பட்டியல் நம்மிடம் உள்ளது. விருப்பமுள்ள பெற்றோர் இக்கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்புறம் வந்து பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.