கேப்டன் யாரு?

(முதுகுளத்தூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

நம்ம பயலுக நல்லா ஓடுவாங்க, நல்லா பந்து போடுவாங்கன்னு அணியில சேர்த்துக்க இன்னைக்கு யாரும் தயங்குறதில்லை. கேப்டன் யாருன்னு கேட்டாத்தான் பேச்சு மாறுது.

அமெரிக்காவில் வில்லியம் ஹென்றி லூயிஸ் என்றொரு கருப்பர். அடிமைகளாயிருந்த தாய் தகப்பனுக்கு 1868-இல் பிறந்தவர். 1891-இல் அம்ஹெர்ஸ்ட் கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கேப்டன். (அவுங்க கால்பந்தைக் கையால தூக்கிக்கிட்டு ஓடுவாங்க, அது வேற கதை.) பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தபோது ஒரு சலூனில் அவருக்குச் சவரம் செய்ய மறுத்தார்கள். இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. லூயிஸ் விடவில்லை. 1893-இல் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தையே திருத்த வைத்தார். 1911-இல் அந்நாட்டின் துணை அட்டர்னி ஜெனரல் ஆனார். அடுத்த வருசமே வக்கீல் சங்கம் அவரை வெளியே தள்ளப் பார்த்தது!

நம் நாட்டுக்கு வருவோம். பல்வங்கர் பாலு, சமார் சாதி. புனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டியவர். துரைமாருக்கு மணிக்கணக்கில் பந்து போட்டே பழகினார். இந்து அணிக்கு அவர் கைப்பந்து வேணும். ஆனா டீ மட்டும் கூடத்துக்கு வெளியே, மண்குவளையில். தூக்கி எறியிற குவளை. 1911-இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி? கிடையாது. 1920-இல் தம்பிகள் விட்டலும் சிவராமும், இந்த அவமானத்தைச் சகித்து ஆட மாட்டோமென்று விலகினார்கள். அந்த விலகல்தான் வேலை செய்தது. 1923-இல் விட்டல் தலைமையில் இந்து அணி ஐரோப்பியரை வென்றது.

பாலுவை நான் முழுசாத் தூக்கிவைக்கல. 1932-இல் எம்.சி. ராஜாவோடு காந்தி பக்கம் நின்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் ஜெயித்தார். தலைமை தராதவனே நம்ம ஆளை நம்ம தலைவனுக்கு எதிரா இறக்குவான், கவனிங்க.

இந்த ஊர்ல 1957 செப்டம்பர் 10-இல் அமைதிக் கூட்டம். பட்டாளத்திலிருந்து வந்த இம்மானுவேல் சேகரன் சரிசமமா உட்கார்ந்து பேசினார். மறுநாள் ராத்திரி பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள்.

மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யணும். உங்க பள்ளிக்கூடம், கல்லூரி அணிகளோட குரூப் போட்டோக்களை எடுங்க. நடுநாற்காலியில யாரு, பின்வரிசையில யாருன்னு வருசவாரியா எழுதிக் கொண்டாங்க. அடுத்த கூட்டத்துல அதை வச்சுப் பேசுவோம்.