பூந்தாது கூறும் பழங்கதை



பூவைப் பாடாத புலவர் தமிழில் இலர். குறிஞ்சிப்பாட்டு ஒன்றிலேயே கபிலர் 99 பூக்களை நிரல்படக் கூறியிருப்பதை நாம் அறிவோம். ஆனால் பூவினுள் கிடக்கும் தாது, பூ வாடி உதிர்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அழியாது நின்று, அந்நாளைய காட்டையும் மழையையும் நமக்கு உணர்த்தும் என்பது நம்மிற் பலர் எண்ணியிராத செய்தி. அதனைக் குறித்தே இன்று சில சொல்ல விழைகிறோம்.

பூந்தாதுவின் துகள் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால், பெரும்பாலான துகள்கள் ஒரு கூறு முதல் பத்துக் கூறு வரையுள்ள அளவினவே. எனினும் அதன் புறத்தோடு கடிய அமிலத்திற்கும் எளிதில் அழியாதது. அத்தோட்டின் மீதுள்ள முள்ளும் துளையும் வரியும் இனத்திற்கு இனம் வேறுபடும். எனவே நுண்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கி, இஃது இன்ன செடியின் குடும்பத்தது என்று அறிஞர் துணிவர்.

காற்றுப் புகாத சதுப்பில் ஆண்டுதோறும் தாது விழுந்து, சேற்றோடு படலம் படலமாகப் படிகிறது. அச்சேற்றைக் குழாயால் குடைந்தெடுத்து, மண்ணையும் மணலையும் அமிலத்தால் நீக்கினால் தாது எஞ்சும். ஒவ்வோர் ஆழத்திலும் எந்த இனத்துத் தாது எத்தனை என்று எண்ணினால், அக்காலத்துத் தாவரங்களின் நிலை புலப்படும். இம்முறையை 1916இல் கிறிஸ்தியானியா நகரில், இன்றைய ஆஸ்லோவில், சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் ஒரு சொற்பொழிவில் எடுத்துரைத்தார். படலங்களின் வயதைக் கணிக்க, 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் கதிரியக்கக் கார்பன் பின்னாளில் துணை நின்றது.

இத்தகைய பழஞ்சுவடி ஒன்று நம் மைசூருக்கு அண்மையிலேயே இருக்கிறது. பந்திப்பூர் வழியே சென்று ஏறும் நீலகிரியில், உதகைக்கு அருகே சாண்டிநல்லா முதலிய இடங்களில் மட்கிய கருமண் சதுப்புகள் உள. அவற்றின் அடிப்படலங்கள் 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இலக்னோவில் 1946இல் நிறுவப்பெற்ற பீர்பல் சாஹ்னி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த விஷ்ணு மித்ரே, குப்தா ஆகியோர் இச்சதுப்புகளின் தாதுவை ஆராய்ந்தனர்.

ஆய்வாளர் தீர்க்க முனைந்த வழக்கு யாது? நீலகிரியின் உச்சியில் மடுக்களில் சோலையும் சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. புல்வெளி, மாந்தர் காட்டை எரித்ததனால் நேர்ந்த பாழ்நிலம் என்றனர் ஒரு சாரார். அது தொன்றுதொட்டே உள்ளது என்றனர் மற்றொரு சாரார். சதுப்பின் அடிப்படலங்களிலும் புல்லின் தாது மிகுந்திருந்தது பின்னவர் கூற்றுக்கு வலுவூட்டிற்று.

ஆயினும் தாதுச் சான்றுக்கும் எல்லை உண்டு. புல்லினங்களின் தாதுக்கள் தம்முள் பெரிதும் ஒத்தவை. காற்றில் பரவும் தாது அளவுக்கு மிஞ்சித் தோன்றுவதும் உண்டு. ஆகவே பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்துச் சுகுமாரும் துணைவரும் அக்கருமண்ணிலுள்ள கார்பன் வகைகளை அளந்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பநாட்டுப் புற்கள் பலவற்றின் கார்பன் அளவு மரங்களினின்றும் வேறுபடுவதே இதற்கு அடிப்படை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடபால் பனி போர்த்திருந்த காலத்தில், நீலகிரியில் மழை குன்றிப் புல் ஓங்கியது. பின்னர்ப் பருவமழை வலுத்தபோது மரஞ்செடிகள் பெருகின. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி வந்தது. புல்லும் சோலையும் மழையின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்பப் பரந்தும் சுருங்கியும் வந்துள்ளன.

புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தாது ஆய்வை வளர்த்த தமிழர் தணிகைமணியையும் இங்கே நினைத்தல் நம் கடன். 1986 செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சியில் நிகழ்ந்த விமானக் கடத்தலில் அவர் உயிர் நீத்தார்.

இவ்வாய்வால் நமக்கு ஆவது என்ன எனலாம். பாழ்நிலம் என்று கருதப்பட்டமையாலன்றோ அப்புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன! பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் வரையாட்டுக்கும் தோதவரின் எருமைகளுக்கும் உரிய நிலம் அதனால் சுருங்கியது. அம்மேட்டில் ஊறும் நீரோ மோயாற்றிலும் பவானியிலும் இறங்கிக் காவிரியைச் சேர்கிறது. மரம் நடுவது அறமே. ஆனால் எங்கே நடுவது என்பதை நிலத்தின் வரலாறறிந்து தெளிதல் வேண்டும். அவ்வரலாற்றைத் தாங்கிய சதுப்பை வடித்து உழுதுவிட்டால், படியெடுக்கப்படாத சுவடியைத் தீக்கிரையாக்கியதே ஆகும்.

செல்லரித்த ஏடுகளைத் தேடிக் காத்த முன்னோரின் வழியில் வந்தவர்கள் நாம். இம்மண்ணேட்டையும் காக்க நம் இளைஞர் முன்வருவாராக. உதகை செல்வோர் அச்சதுப்பின் அருகே சற்று நின்று, அதனைத் தம் மக்களுக்குச் சுட்டிக் காட்டுவாராக.