கிணற்றடியும் சவர்க்காரமும்

(மடத்துவெளிக் கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



புங்குடுதீவின் நன்னீர், சுண்ணாம்புக்கல்லினுள் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. மேலே ஊற்றுவது விரைவிற் கீழிறங்கும். கிணற்றடியிற் கொட்டும் பினாயில் நாளை நம் குடத்திலும் கத்தரிப் பாத்தியிலும் வந்து சேரும்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், சவர்க்காரம் கிட்டாத குடாநாட்டு மக்கள் பனம்பழத்தாலேயே உடுப்புத் தோய்த்தனர். இதனை வறுமையின் அடையாளமென்பாருளர். யான் அவ்வாறு கருதேன். பனங்களியிலுள்ள கசப்புப் பொருள், பூந்திக்கொட்டையினதைப் போன்று நுரைதரும் இனத்தது. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தை (மாடு முந்தாவிடின்) தோலுரித்து நீர்விட்டுப் பிசைந்து, உடுப்பிற் தேய்த்து ஊறவைத்து, நன்றாக அலசுக. வெள்ளைத் துணியாயின் முதலில் ஒரு மூலையிற் பரீட்சித்தல் நன்று.

எண்ணெய்ச் சட்டிக்குச் சலித்த விறகுச் சாம்பலும் பொச்சும் போதும். சாம்பலின் காரம் கொழுப்பை நீக்கும், அலுமினியத்தையோ அரிக்கும். பித்தளைக்குப் பழப்புளி. கேத்தலிற் படியும் சுண்ணப் படிவைத் தேசிக்காய்ப்புளி கரைக்கும்.

இவை அழுக்கை நீக்குமேயன்றி நோய்க்கிருமியைக் கொல்லும் என்று நம்பியிருத்தலாகாது. வயிற்றோட்டம் கண்ட வீட்டிற்கு வெளிற்றுந்தூளே வேண்டும். அத்தூளுடன் தேசிக்காய்ப்புளியையோ வினாகிரியையோ ஒருபோதும் கலவாதீர். எழும் குளோரீன் வாயு நெஞ்சை அடைக்கும். பூச்சிநாசினிப் போத்தல்களைக் கழுவி இவற்றை நிரப்பி வைத்தலும் ஆகாது.