இல்லம் மன்றமானது



ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களில் பட்டமும் மாளிகையும் தலைமகனைச் சேர்வது மரபு. 1874-இல் பிளென்ஹைம் அரண்மனையில் பிறந்த வின்ஸ்டன் சர்ச்சில் பிரதமரே ஆனார்; ஆயினும் அரண்மனை மூத்த வழியினரான மார்ல்பரோ கோமகன்களிடமே நின்றது.

சிவகாசிப் பட்டாசாலும் விருதுநகர் வணிகத்தாலும் பேர்பெற்ற இம்மாவட்டத்தில், இராசபாளையத்துச் செல்வக் குடும்பம் ஒன்றும் அரசியலுக்கு ஒரு மகனைத் தந்தது. அவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1898 ஜூலை 8-இல் பிறந்தவர். பிறந்த சில நாள்களில் தாயையும், மூன்று வயதில் தந்தையையும் இழந்தார். செல்வம் சூழ்ந்திருந்தும் பெற்றோரின் நிழல் அவருக்கு வாய்க்கவில்லை.

வளர்ந்தபின் காந்தியடிகளின் வழி நின்றார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வர். 1950-இல் இந்தியா குடியரசானபோது அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. 1952 தேர்தலில் தோற்றார், பின்னர் ஒரிசாவின் ஆளுநரானார், 1957-இல் மறைந்தார்.

விருதுநகரில் சிவகாமி அம்மையார் வாழ்ந்த எளிய வீடு, மகன் காமராசரின் மறைவுக்குப்பின் நினைவில்லமாயிற்று. குமாரசுவாமி ராஜாவோ தம் இல்லத்தைத் தாமே கலைகளுக்கு ஈந்தார். அது காந்தி கலை மன்றமாயிற்று.

பாட்டு எங்கும் பிறக்கும். கேட்பவர் கூட ஒரு கூடம் வேண்டும். பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் இவ்வருமையை நன்கறியும். தாயின் மடி அறியாத ஒருவர் கலைஞர்க்கு ஒரு கூரை தந்தார். அவ்வாயிலில் பாட வருவோர் அனைவரும் அவ்வில்லத்தின் வாரிசுகளே.