படிவத்துக்கு முன்னால் ஒரு கொப்பி

(தோட்டக் கலாசார மண்டபத்தில் நடைபெற்ற தொழிற்பயிற்சி விண்ணப்பக் கூட்டத்தில் எமது கள அலுவலர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களுக்கு உடுப்புக் கழுவ, விறகு சேர்க்க, டவுனுக்குப் போய் சாமான் வாங்கக் கிடைக்கும் ஒரே நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். பயிற்சி வகுப்புக்கான படிவம் இன்று தருவதாக அறிவித்திருந்தோம். தருவோம். ஆனால் படிவத்தோடு எண்பது பக்கக் கொப்பி ஒன்றையும் தரப்போகிறோம். வீட்டு வரவு செலவையும் கடனையும் அதில் எழுதிக் கொண்டுவந்த பிறகுதான் படிவத்தை ஏற்றுக்கொள்வோம். "இது என்னா புதுச் சட்டம்?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது இங்கேயும் கேட்கிறது. காரணம் இருக்கிறது. அது எங்கள் தவறிலிருந்து படித்தது.

முன்பு டவுனில் ஒரு தையல் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டோம். ஆறு மாத வகுப்பு. அதில் ஒரு தங்கச்சி நன்றாகத் தைப்பவள். மூன்றாம் மாதத்தில் வியாழக்கிழமைகளில் வராமல் விட்டாள். பிறகு அடியோடு நின்றுவிட்டாள். நாங்கள் என்ன செய்தோம்? அறிக்கையில் "ஆர்வமின்மை காரணமாக இடைவிலகல்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்து வேறு ஒரு அலுவலாக அந்த லயத்துக்குப் போனபோதுதான் கதை வெளங்கியது. அம்மாவுக்கு மூன்று கிழமை லோன். காசு சேர்க்க வருகிற நாள் வியாழன். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அதனால் லயத்தில் முகம் கொடுக்க முடியாது. எனவே புதன், வியாழன் இரண்டு நாளும் மகள் பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போயிருக்கிறாள். "நான் தைக்க மாட்டேன்னு சொல்லலீங்க மிஸ். பஸ் காசுக்கும் லோனுக்கும் ரெண்டுக்கும் பத்தல" என்றாள். ஆர்வம் இல்லாதது அவளுக்கா, வீட்டுக்குப் போய் விசாரிக்காத எங்களுக்கா?

அந்த லோன்கள் ஆடம்பரத்துக்கு எடுத்தவையும் அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுட்டெண் ஞாபகம் இல்லாவிட்டாலும் கோதுமை மாவின் விலை ஞாபகம் இருக்கும். ரொட்டிக்கு எடுத்த முதல் லோன், முதல் லோனைக் கட்ட எடுத்த இரண்டாவது, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மூன்றாவது. இப்படித்தான் ஏறியிருக்கிறது.

இப்போது கொப்பிக்கு வருவோம். கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுகிறோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. கணக்குக்காக அதை எடுப்போம். நீங்கள் உங்கள் சம்பளச் சீட்டில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். மாதம் 18 பேர் கிடைத்தால் 24,300. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு சட்டப்படி குறைந்தது 8 வீதம், அதாவது 1,944. தீபாவளி முற்பணத்துக்கு 2,000 பிடிக்கிறார்கள் என்று வைப்போம். கையில் 20,356. கிழமைக்கு 1,200 வீதம் இரண்டு லோன் இருந்தால் நான்கு கிழமைக்கு 9,600. மிச்சம் 10,756. இதில்தான் அரிசி, மா, பள்ளிக்கூடப் பஸ், மருந்து, கோயில் காசு எல்லாம். சந்தாவை இன்னும் கழிக்கவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு "தோட்டத்து ஆட்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்று மேடையில் பேசுகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது. பத்தாயிரத்தில் மாதத்தை ஓட்டுகிற தாய்க்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தகுதி இல்லை. நாங்கள் சொல்லித்தரக் கூடியது வட்டிக் கணக்கு மட்டும்தான்.

அதையும் பாருங்கள். 50,000 ரூபா லோன், கிழமைக்கு 1,200, 52 கிழமை. மொத்தம் கட்டுவது 62,400. வட்டி 12,400. "நூற்றுக்கு 25 தானே" என்று தோன்றும். ஆனால் அந்த ஐம்பதாயிரம் வருடம் முழுக்க உங்கள் கையில் இல்லை. கிழமைக்குக் கிழமை திருப்பிக் கொடுத்துக்கொண்டே போகிறீர்கள். அரை வருடத்தில் பாதி அளவு திரும்பிப் போய்விடும். அதனால் உண்மை வட்டி வருடத்துக்கு 45 வீதம் அளவில் வருகிறது.

இதைவிட மோசமானது மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து என்று லயத்துக்குள்ளேயே கிடைக்கிற கைமாற்று. பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஆயிரம். ஒரு வருடத்தில் 12,000 வட்டி கொடுத்தாச்சு, பத்தாயிரம் முதல் அப்படியே நிற்கிறது. பலர் தவணை பெரிதாக இருக்கிற லோனையே பெரிய கடன் என்று நினைத்து அதற்கே முதலில் ஓடுகிறார்கள். தவணை எதையும் தவற விடாமல், சீட்டு விழுந்தாலோ போனஸ் வந்தாலோ அந்தக் காசால் முதலில் வெட்ட வேண்டியது மாத வட்டிக் கடனைத்தான். சீட்டுப் பிடிப்பதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். நம்பிக்கையான கையில் இருந்தால் அது நல்ல சேமிப்பு. யாருக்கு எப்போது விழுந்தது என்று எழுதி மட்டும் வையுங்கள்.

இன்னொன்று. வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வட்டிக்காரரிடம் கொடுத்து வைத்திருப்பவர்கள் கையைத் தூக்க வேண்டாம், நாங்கள் கேட்கவும் மாட்டோம். ஆனால் சம்பளம் விழுந்தவுடன் எவ்வளவு எடுத்தார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். கூட்டம் முடிந்து தனியாக வந்து சொல்லுங்கள். வங்கிக்குக் கூடவே வருகிறோம்.

சரி, பயிற்சி. அந்தத் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து, அம்மாவோடும் அப்பாவோடும் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினோம். மூன்று லோனும் எந்தக் கிழமையில் முடியும் என்று திகதி போட்டோம். ஒன்று நான்கு மாதத்தில் முடிய இருந்தது. அதுவரைக்கும் அவள் சேராமல் இருப்பது, அது முடிந்தவுடன் அந்தத் தவணைக் காசைப் பஸ்ஸுக்கு எடுப்பது, புதிய லோன் எடுப்பதில்லை என்று வீட்டுக்காரர்களே முடிவு செய்தார்கள். அடுத்த வகுப்பில் சேர்ந்தாள், முடித்தாள். இப்போது டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. முதல் வருடச் சம்பளத்தில் பாதி கடனுக்குத்தான் போனது. அம்மாவின் மூன்றாவது லோன் இன்னும் முடியவில்லை. இதைப் பெரிய வெற்றி என்று சொல்லிக் கைதட்டு வாங்க நாங்கள் வரவில்லை. ஆனால் வியாழக்கிழமை வந்தால் அந்த வீட்டில் இப்போது ஒருவரும் ஒளிந்துகொள்வதில்லை.

என்ன படிப்பது என்று பிள்ளைகள் கேட்கிறீர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் அரச நிறுவனங்கள். மின் இணைப்பு, நீர்க்குழாய், வாகனம் திருத்துதல், தையல், சமையல் எனப் பலதும் உண்டு. தமிழில் நடக்கிறதா என்பதைச் சேரும் முன் கேளுங்கள். சிங்கள வகுப்பில் போய் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் திரும்பிய பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். முடிவில் கிடைப்பது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழா என்றும் கேளுங்கள். தனியார் இடம் என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிறுவனமா என்று பார்க்காமல் ஒரு சதமும் கட்ட வேண்டாம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, எங்கேயும் செல்லாத சான்றிதழோடு வந்த தம்பி ஒருவர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்.

கொழும்பில் பத்து வருடம் மேசன் வேலை செய்த ஐயாமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலையைக் காட்டி, பரீட்சித்துப் பார்த்து, அதே தகைமைச் சான்றிதழைப் பெறுகிற வழி உண்டு. "இந்த வயசில என்னாத்துக்கு சேர் சேட்டிபிக்கட்" என்று ஒருவர் கேட்டார். கையில் சான்றிதழ் இருந்தால் உதவியாள் சம்பளத்தில் நிற்காமல் பாஸ் சம்பளம் பேச உங்களுக்கு ஒரு பிடி இருக்கும்.

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள் வேறு தொழிலுக்குப் போகும்போது சும்மா நின்றுவிடாதீர்கள். எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் பூர்த்தியாகியிருந்தால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம் வர வேண்டும். சேமலாப நிதி ஏட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாறியதால் சொந்தக் காசை எடுக்க வருடக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மில் உண்டு.

கொப்பியில் பொய் எழுத வேண்டாம். சாராயத்துக்குப் போகிறது என்றால் சாராயம் என்றே எழுதுங்கள், நாங்கள் யாருக்கும் காட்டமாட்டோம். எழுதத் தெரியாத அம்மாமார் பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்து எழுதலாம். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்றால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். வரும் மாதம் சம்பளம் போட்டு மூன்றாம் நாள் பின்னேரம், பெரட்டுக்களத்துப் பக்கம் இருக்கிற பிள்ளைக்காம்பராவில் இருப்போம். சம்பளச் சீட்டு, லோன் புத்தகம், அடகுத் துண்டு, அடையாள அட்டை நான்கையும் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது.